ஒரே இடத்தில் மழுங்கும் கத்தி

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிதிருத்தகத்தில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முகம் முழுக்க நுரையோடு, கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்: "தினமும் சாயந்திரம் பாத்தா ஒரே இடத்துலதான் மழுங்கியிருக்கு. தீட்டி வச்சா மறுநாளும் அதே இடம். அந்த இடத்தால நான் எதையும் வெட்டறதே இல்ல." தன் மடக்குக்கத்தியைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. முடிதிருத்துபவர் "ம்" என்றார்.

ஏன் அப்படி ஆகிறது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் என் கழுத்தில் அப்போது சவரக்கத்தி இருந்தது. அந்த நிலையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு வேலை முடிந்து துண்டை உதறியபோது அவர் போய்விட்டிருந்தார்.

ஆக, என் கையில் இருந்தது கேள்வி மட்டும்தான். விடை தெரியாமல் கதையைத் தொடங்கியது என் முதல் தவறு. [இரண்டாவது தவறு நான்காம் பகுதியில் வருகிறது. அது இதைவிடப் பெரியது.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மாலை ஐந்தரை மணிக்கு அவர் கத்தியைத் திறந்து செய்தித்தாளின் ஓரத்தை நாடாபோலக் கீறினார். பாதி வழியில் கத்தி தயங்கியது. வெளியே வானம் —"

வானத்துக்கு இங்கே என்ன வேலை? விட்டுவிட்டேன்.

அடுத்தது: "கத்தி என்பது மனிதக் கையின் நீட்சி, மனிதன் தன் —" இதை எழுதிய ஆளை எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது தொடக்கத்தில் அவருக்கு ஒரு தொழில் கொடுத்துப் பார்த்தேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் மெத்தை தைப்பவர். திரையரங்கு இருக்கை, அலுவலக நாற்காலி, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி என்று எது வந்தாலும் பழைய துணியை உரித்து, உள்ளே நசுங்கிப் போன நுரையை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவார். எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். பட்டறை இரண்டு அறைகள். முன்னறையில் துணியும் நுரையும் பசையும் இவருடைய ராஜ்ஜியம். பின்னறையில் இரும்பு, மரம், மோட்டார் எல்லாம் இவருடைய சகலையின் ராஜ்ஜியம். அதாவது மனைவியின் தங்கை கணவர். அக்காவைக் கட்டியவர் சதையைப் பார்த்துக்கொள்வார், தங்கையைக் கட்டியவர் எலும்பைப் பார்த்துக்கொள்வார் என்பது பதினான்கு வருடமாகப் பட்டறையில் ஓடும் ஜோக். இரண்டு குடும்பமும் இருப்பது ஒரே கட்டடம். மேல் மாடியில் அக்கா, கீழே தங்கை.

மெத்தைக்காரரிடம் இருபத்தாறு மடக்குக்கத்திகள் இருந்தன. வீட்டில் ஓர் அகலமான டிராயரில் கறுப்பு நுரையை விரித்து, ஒவ்வொரு கத்திக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டி வைத்திருந்தார். எலும்புப் பிடி, கொம்புப் பிடி, மரப் பிடி. தோட்டத்துக்குக் கிளை நறுக்க, பறவையின் அலகுபோல வளைந்த ஒன்று. மாத்திரையைப் பொடிக்க அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் ஒன்று. அந்தக் காலத்து மருத்துவர்கள் வைத்திருந்தது. காலையில் சட்டை எடுப்பதுபோல ஒரு கத்தியை எடுத்து வலது பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். எடுத்துப் போன கத்தி அன்றைக்கு ஒரு வேலையாவது செய்திருக்க வேண்டும். தையல் பிரிக்கலாம், பார்சல் திறக்கலாம், ஆப்பிள் நறுக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் பென்சில் சீவுவார். பட்டறையில் பென்சில்கள் எல்லாம் சுண்டுவிரல் அளவில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் இரண்டு மாதமாக அவர் பாக்கெட்டுக்குப் போனது, தினமும் மழுங்கும் அந்த ஒரே கத்திதான். மற்ற இருபத்தைந்தும் குழியில் படுத்திருந்தன. வலிக்கும் பல்லை நாக்கு விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் இல்லையா, அதுபோல அவர் கை இதையே தேடியது.

3

கதையைச் சற்று நிறுத்தி, இந்தக் கத்தி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். [வேண்டாம் என்பவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். ஆனால் போகாதீர்கள், சுவாரசியமாக இருக்கும்.]

இரண்டு பக்கமும் இரண்டு தகடு. நடுவில் அலகு, அதாவது வெட்டும் தகடு, ஒரு ஆணியில் சுழல்கிறது. முதுகுப் பக்கம் ஒரு வில். வில் என்றதும் சுருள் கம்பியை நினைக்க வேண்டாம். இது ஒரு சின்ன எஃகுப் பட்டை, அவ்வளவுதான். பூட்டு, பொத்தான் எதுவும் கிடையாது. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அந்தப் பட்டை அலகின் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மூடும்போது பாதி தூரம்வரை வில் எதிர்க்கும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் கட்சி மாறி அலகை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். கத்தி சேர்ப்பவர்கள் இந்தச் சத்தத்துக்காகவே உயிரை விடுவார்கள். மெத்தைக்காரர் அதைப் பேச்சு என்பார். "இது நல்லா பேசுது", "இது வாயே திறக்காது" என்று ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வைத்திருந்தார்.

இன்னொரு உறுப்பு உண்டு. அலகின் அடிப்பகுதியில், கூர் தொடங்குவதற்கு முன்னால், அரிசி முனை அளவில் ஒரு மேடு. மூடியிருக்கும்போது அலகு இந்த மேட்டை ஊன்றித்தான் வில்லின்மேல் நிற்கிறது. அதனால் கூரான விளிம்பு எதையும் தொடாமல் காற்றில் இருக்கிறது. மெத்தைக்காரர் அதைக் குதிகால் என்பார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த ஒரு கத்தி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பழைய திரையரங்கு இருக்கையை உரித்தபோது உள்ளே இருந்து சீப்பு, ஒற்றைக் காதணி, காய்ந்த வேர்க்கடலை எல்லாம் விழுந்தன. கடைசியாக இது விழுந்தது. கண்டெடுத்தது சகலை. துரு நீக்கி, எண்ணெய் போட்டு, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தார். "படம் பாக்க வந்தவன் யாரோ கதை பிடிக்காம வெட்டிட்டுப் போயிடலாம்னு கொண்டாந்திருக்கான்" என்றார்.

எல்லாக் கத்தியையும்விட இது நன்றாகப் பேசியது.

4

இப்போது என் இரண்டாவது தவறு.

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும் என்று நினைத்தேன். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். சகலைதான் இருந்தார்.

வசதியாகவும் இருந்தது. பகல் உணவுக்கு முன்னால் மெத்தைக்காரரின் கையெல்லாம் பசையாக இருக்கும். கத்தியையும் கண்ணாடியையும் முன்னறை மேசை டிராயரில் வைத்துவிட்டுக் கை கழுவுவார். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு இவர் பழுதுக்கு வந்த சோபாக்களில் எது நீளமோ அதில் இருபது நிமிடம் கண்ணயர்வார். அந்த இருபது நிமிடம் டிராயர் திறந்து கிடக்கும். பின்னறையில் சாய்வு நாற்காலிகளுக்கு மோட்டார் ஒயர் இணைக்கும் வேலை நடக்கும். கத்தியால் ஒயரின் தோலைச் சீவினால் செம்பு பட்டுச் சரியாக அப்படித்தான், ஒரே இடத்தில், மழுங்கும்.

மூன்று முறை திருத்தி எழுதினேன். மூன்றிலும் சகலை டிராயரைத் திறந்தார். "அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கத்தியை —" என்று எழுதும்போதெல்லாம் வாக்கியம் நின்றுபோனது. நடை சரியில்லை என்று நினைத்து வார்த்தைகளை மாற்றிப் பார்த்தேன். நடையில் கோளாறு இல்லை. அந்த மனிதர் கத்தியை எடுத்தாலும் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறார். அவர் டிராயரைத் திறந்தது கத்திக்குப் பக்கத்தில் இருந்த பேனாவுக்காக.

ஏன் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. இரும்பு வேலை செய்பவரின் பெல்ட்டில் ஒயர் சீவும் கருவி தொங்குகிறது. ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு, தோல் தனியே வந்துவிடும். சரியான கருவி இடுப்பிலேயே இருக்க, இன்னொருவர் ஆசையாக வைத்திருக்கும் கத்தியை அவர் ஏன் எடுக்க வேண்டும்? எடுக்க மாட்டார். எனக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் அவரை எடுக்க வைத்தேன்.

அந்த மூன்று பிரதிகளையும் அழித்துவிட்டேன். என்னால் அழிக்க முடிகிறது. மெத்தைக்காரரின் நிலைமை அப்படி இல்லை, ஏனென்றால் அவரும் அதையே நினைத்துவிட்டார். நினைத்ததோடு நில்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மேசை டிராயருக்கு ஒரு பூட்டு வாங்கிப் பொருத்தினார்.

5

புதன்கிழமை காலை சகலை அந்தப் பூட்டைப் பார்த்தார்.

"புதுசா, சகலை?"

"ம். தூசி போகுது உள்ள."

"தூசிக்குப் பூட்டா? சாவி வச்சிருக்கிற தூசி போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பகலில் அவர் சாப்பாட்டு டப்பா முன்னறைக்கு வரவில்லை. பின்னறையில், வெல்டிங் மேசை ஓரத்தில், நின்றுகொண்டே சாப்பிட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

அன்று மாலை மெத்தைக்காரர் செய்தித்தாளைக் கீறிப் பார்த்தார். கத்தி அதே இடத்தில் தயங்கியது.

[இங்கே நின்று யோசியுங்கள். பகல் முழுக்கக் கத்தி அவர் பாக்கெட்டில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பூட்டிய டிராயரில் இருந்தது. சாவி அவரிடம். சகலையைப் பிடிக்கப் போட்ட பூட்டே சகலைக்குச் சாட்சி சொல்லிவிட்டது.]

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பூட்டை உடனே எடுக்கவில்லை. எடுத்தால், ஏன் போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு மழுங்குவதற்கு என்னதான் காரணம் என்று சகலை கேட்பார். காரணம் தெரியாமல் போய் மன்னிப்புக் கேட்டால் பாதி மன்னிப்புதான் ஆகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கத்தியின் முகத்தைப் பார்ப்பது எளிதாக இருந்தது, சகலையின் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. [எனக்கும் அப்படித்தான். மூன்றாம் பகுதி ஏன் அவ்வளவு நீளமாகப் போயிற்று என்று இப்போது தெரிகிறது.]

அன்றைக்கு மேல் மாடிக்குப் போனதும் மனைவி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பஸ் கம்பெனிப் பட்டறையில் இருந்து சகலையை ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இதுவரை முடியாது என்றே சொல்லிவந்தவர், இந்தத் தடவை சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருக்கிறாராம். வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமாம்.

"என் தங்கச்சி படியேறி வந்து கேக்கறா, மாமா எதுக்கு டிராயரைப் பூட்டினாருன்னு. நான் என்ன சொல்றது?"

அவர் கத்தியைத் திறந்தார், மூடினார். டக்.

"அவகிட்ட இதையே சொல்லிடறேன். கேட்டேன், டக்குனு சொன்னாருன்னு."

6

வியாழக்கிழமை பட்டறையில் மின்சாரம் இல்லை. தையல் இயந்திரம் ஓடவில்லை, வெல்டிங் இல்லை. சகலை வெளியே எங்கோ போய்விட்டார். மெத்தைக்காரர் ஒரு சோபாவில் உட்கார்ந்து பகல் முழுக்க யோசித்தார். யோசிக்கும்போது அவர் கை சும்மா இருக்காது. கத்தியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.

அன்று அந்தக் கத்தி ஒரு நூலைக்கூட வெட்டவில்லை. பென்சில் சீவலாம் என்றால் சீவுவதற்குப் பென்சிலும் மிச்சமில்லை. மாலையில் பார்த்தால் அதே இடம், முன்பைவிட மோசமாக மழுங்கியிருந்தது.

வெட்டாமலே மழுங்குகிறது என்றால் கத்தி தன்னைத்தானே எதிலோ மோதிக்கொள்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பது வில் மட்டும். ஆனால் அதை அவர் முதல் வாரமே சோதித்திருந்தார். மெல்ல மூடி, அலகுக்கும் வில்லுக்கும் நடுவில் காகிதத் துண்டை நுழைத்துப் பார்த்திருந்தார். தாராளமாகப் போய் வந்தது. இடைவெளி இருந்தது.

இந்த இடத்தில் நான் பதினோரு நாள் மாட்டிக்கொண்டேன். கடைசியில் நானும் ஒரு பழைய மடக்குக்கத்தியைத் தேடி வாங்கி, குதிகாலை அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். பிறகு அலகின் விளிம்பில் மார்க்கர் மை பூசினேன். அந்த யோசனை என்னுடையது. அவருக்குக் கொடுத்துவிட்டேன், துணியில் கோடு போட மார்க்கர் எப்போதும் அவர் காதிலேயே இருக்கும், எனவே கதையில் யாருக்கும் சந்தேகம் வராது.

அவர் விளிம்பு நெடுக மை பூசினார். அலகை விரலால் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெல்ல மூடித் திறந்தார். வில்லில் மை இல்லை. மறுபடி பூசினார். இந்த முறை பாதி வழியில் விரலை எடுத்துவிட்டார். டக். திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வில்லின் நடுவில் ஒரு சின்ன நீலக் கோடு இருந்தது.

மெல்ல மூடினால் இடைவெளி இருக்கிறது. வேகமாக மூடினால் அலகு வந்த வேகத்தில் ஒரு மயிரிழை கூடுதலாக அமுங்கி, வில்லைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. சோதிப்பதற்காக மூடியபோதெல்லாம் அவர் மெல்ல மூடினார். மற்ற நேரமெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்க ஆசைப்பட்டு வேகமாக மூடினார்.

சரி, இருபத்தாறில் இந்த ஒன்று மட்டும் ஏன் தொடுகிறது? அது அவருக்கு ஞாபகம் வந்தது. கத்தி கைக்கு வந்த புதிதில், மூடிய பிறகும் அலகின் முனை வெளியே எட்டிப் பார்த்தது. பாக்கெட் துணியைக் கிழித்தது, விரலில் குத்தியது. கத்தி சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு: குதிகாலைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தால் அலகு சற்றுக் கீழே இறங்கி, முனை உள்ளே போய்விடும். தேய்த்தார். முனை உள்ளே போயிற்று. அதோடு சேர்ந்து விளிம்பும் கீழே இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. அந்த வேலையைப் பற்றி அவருக்குப் பெருமைகூட இருந்தது. இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

7

இனி வெள்ளிக்கிழமை. என்னிடம் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று: அவர் காலையில் சீக்கிரம் வந்து பூட்டைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார். யாரும் எதுவும் பேசுவதில்லை. எழுதுவதற்கு அழகாக இருந்தது. ஆனால் தன்னை இழந்துவிடும் பயத்தில்தான் மெத்தைக்காரர் எடுத்துவிட்டார் என்று சகலை நினைப்பார். சந்தேகம் போய்விட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு: அக்காவும் தங்கையும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஆண்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பழையபடி ஆகிவிடுவார்கள், அல்லது பழையபடி ஆனதுபோல இருப்பார்கள்.

மூன்றாவதை எழுத எனக்குத் தைரியம் வர ஒரு வாரம் ஆயிற்று.

மெத்தைக்காரர் பின்னறைக்குப் போனார். சகலை ஒரு நாற்காலிச் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகலை. இந்தக் கத்தி தினமும் மழுங்குச்சு. நீங்க எடுத்து ஒயர் சீவறீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் பூட்டு."

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்ன, உங்க கண்ணாடியை நான் தூக்கிட்டுப் போயிடுவேன்னா பூட்டினீங்க?" அவர் சட்டத்தை நிமிர்த்தி வைத்தார். "ஒயர் சீவ என்கிட்ட கருவி இருக்கு. பதினாலு வருஷமா பாக்கறீங்க. தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

இதற்குமேல் ஒரு நல்ல வாக்கியத்தை மெத்தைக்காரரின் வாயில் வைக்க ரொம்ப முயன்றேன். "மன்னிச்சிடுங்க" என்று எழுதி அழித்தேன். "என் புத்தி —" என்று எழுதி அழித்தேன். தெரிந்தே சந்தேகப்பட்டேன் என்று சொன்ன பிறகு அலங்காரத்துக்கு இடமில்லை. அவர் கத்தியைத் திறந்து, மார்க்கரால் மை பூசி, மூடிக் காட்டினார். அரத்தால் தேய்த்த கதையையும் சொன்னார்.

சகலை கையை நீட்டிக் கத்தியை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிக் குதிகாலைப் பார்த்தார்.

"எத்தனை இழுப்பு இழுத்தீங்க?"

"ரெண்டு."

"இரும்புன்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல. பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."

அது கத்தியைப் பற்றி மட்டும் சொன்னது இல்லை என்று மெத்தைக்காரருக்குப் புரிந்தது. "கேட்டிருக்கலாம்" என்றார்.

8

சனிக்கிழமை சகலை பஸ் கம்பெனிக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. மூன்று பிரதிகளில் அவரைத் திருடனாக்கியவன் நான். அவர் எங்கே வேலை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்கு இருக்கலாம். நீங்கள் அவர்மேல் சந்தேகப்பட்டிருக்கவே இல்லை என்றால் நீங்களே முடிவு செய்யுங்கள். [நான்காம் பகுதியின் பாதி வரைக்கும் பட்டிருப்பீர்கள். பரவாயில்லை, அது என் வேலை.] அவர் போனால் மேல் மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் உள்ள படிகளில் யாரும் உட்கார மாட்டார்கள். போகாவிட்டாலும் அந்த நான்கு நாள் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கத்தியின் விடை மட்டும் எனக்குத் தெரியும். முடிதிருத்தகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இதைப் படித்தால் அவருக்கும் உதவும் என்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அலகின் அடிப்பகுதி கூர்ப்பகுதி அளவுக்குக் கடினமானது இல்லை, தட்டினால் விரியும். அந்த வெள்ளிக்கிழமையே சகலை கத்தியைத் திறந்து, குதிகால் மட்டும் பட்டறைக்கல்லின் ஓரத்தில் படுமாறு படுக்க வைத்தார். மெத்தைக்காரர் பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டார். சின்னச் சுத்தியலால் குதிகாலின் பக்கவாட்டில் மூன்று தட்டு. தேய்த்ததில் போன அளவுக்கு மேடு மறுபடி நீண்டது. மூடியபோது அலகு ஒரு மயிரிழை மேலே நின்றது. முனை மறுபடி வெளியே எட்டிப் பார்த்தது. அதற்குக் குதிகாலைத் தொடக் கூடாது. முனையின் முதுகுப் பக்கத்தை, கூர் இல்லாத பக்கத்தை, சாணைக்கல்லில் கொஞ்சம் தேய்த்து இறக்கினால் போதும். இறக்கினார்கள். பிறகு விளிம்பில் மை பூசி, பாதி வழியில் விரலை விட்டு, பத்துத் தடவை டக் டக்கென்று மூடிப் பார்த்தார்கள். வில்லில் மை ஒட்டவில்லை.